என் படத்தில் கடல் இல்லை

திருகோணமலைத் துறைமுகத்தை நான் படமாக வரைந்து இரண்டு வருடம் ஆகிறது. கண்ணால் பார்த்தது இந்த ஆகஸ்டில்தான். வரைந்துவிட்டுப் பிறகு பார்க்கிற தொழில் என்னுடையது. அதில் எப்படி மூக்கறுபட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியிடம் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் “படம் போடுகிறார்” என்று முடித்துவிடுவாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நான் சினிமாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் என்னென்ன வேலை நடக்கிறது, அந்த வேலை எந்தக் கணினியை நம்பியிருக்கிறது, அந்தக் கணினி எந்தத் தரவை நம்பியிருக்கிறது என்று கட்டம் கட்டமாக வரைந்து கோடு போட்டு இணைப்பேன். என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று அதற்குப் பெரிய பெயர். சென்னையில் என் நாற்காலியை விட்டு எழாமலேயே, வீடியோ அழைப்பில் நாலு பேரைக் கேள்வி கேட்டு, இந்தத் துறைமுக ஓரத்துக் குளிர்சேமிப்பு நிறுவனத்துக்கும் ஒன்று வரைந்து அனுப்பினேன்.

சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மீன் பெட்டிகள் அங்கே வருகின்றன. எந்தப் பெட்டி யாருடையது, எந்தக் குளிரறையில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதெல்லாம் கணினிக்குத்தான் தெரியும். கணினி படுத்தால் கதவு திறக்காது, திறந்தாலும் எந்த மீன் எவருடையது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கொழும்புத் தலைமை அலுவலகம் இன்னொருவரைக் கொண்டு பேரிடர் மீட்புத் திட்டம் ஒன்றை எழுதி வாங்கியிருந்தது. என் படமும் அந்தத் திட்டமும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி இரண்டு வருடம் இருந்தன. அவற்றைப் பேசவைப்பதும், பிறகு அலுவலகம் அழிந்தால் வேறிடத்தில் கணினிகளை எழுப்ப முடிகிறதா என்று ஒரு சோதனை நடத்திப் பார்ப்பதும்தான் நான் போன காரியம்.

முதல் நாள் காலையில் முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கியபோது எனக்குப் பாதித் தூக்கம். தெரு முனையில் ஒரு மான் நின்றது. நிஜ மான், புள்ளிகளோடு, ஒரு மூடிய கடையின் முன்னால், திறக்கும் நேரம் தெரியாத வாடிக்கையாளர் போல. சரி, இன்னும் விழிக்கவில்லை போலிருக்கிறது என்று கண்ணை மூடித் திறந்தேன். மூன்று மான்கள் ஆகிவிட்டன. பக்கத்தில் ஒரு பெண், பாணை, அதாவது நம் பன்ரொட்டியை, கையில் வைத்துக்கொண்டு அழுத குழந்தையிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். முச்சக்கரவண்டிக்காரர் மொழிபெயர்த்தார்: “அது உன்ர பாணைக் கேக்கேல்ல, வழிவிடச் சொல்லுது எண்டு சொல்லுறா.” நானும் வழிவிட்டேன். எங்கள் தெருவில் மாட்டுக்குக்கூட நான் வழிவிடுவதில்லை.

அன்று முழுவதும் எனக்கு அந்த மயக்கம் தெளியவில்லை. உள்துறைமுகத்துத் தண்ணீர் அசைவதே இல்லை. மலைகள் சுற்றி நின்று காவல் காக்க, நடுவில் ஒரு கப்பல் நின்றது. வெகுநேரம் பார்த்த பிறகும் அது தண்ணீரில் நிற்கிறதா வானத்தில் நிற்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கச்சான் என்று அங்கே சொல்கிற மேல்காற்று வெயிலைச் சுமந்துகொண்டு வந்து முகத்தில் வைத்தது. நம் மெரினாவில் கடல் எப்போதும் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இங்கே கடல் பகல் தூக்கம் போட்டது. ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் தின்றேன். சொதி என்பது மஞ்சள் போட்ட இளம் தேங்காய்ப்பால் குழம்பு. அதில் இடியப்பம் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பரிமாறியவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “என்ன சேர், பிடிக்கேல்லையோ?” என்றார். “பிடிச்சிருக்குங்க, அதான்” என்றேன்.

மறுநாள் அலுவலகம். கணினிப் பிரிவில் இரண்டே பேர். பிரிவுத் தலைவி சுகந்தினி, நாற்பதை ஒட்டிய வயது, மெதுவாகப் பேசுகிறவர். அவருக்குத் துணையாக நிசார், கிண்ணியாக்காரர், வேகமாகப் பேசுகிறவர். சுவரில் என் படம் பெரிதாக அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் பார்ப்பது போல எனக்கு ஒரு பெருமை. இடப்பக்கம் ‘துறைமுக அலுவலகம்’ என்று ஒரு நீலக் கட்டம், வலப்பக்கம் ‘மீட்பு மையம், கிண்ணியா’ என்று ஒரு பச்சைக் கட்டம், நடுவில் ஒரு நேர்கோடு. அடடா, என்ன அழகு!

சுகந்தினியின் மேசை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு கணினி, ஒரு பேனா, அவ்வளவுதான். மேசைக்கு அடியில் ஒரு பெரிய துணிக்கடைப் பை. என் மேசையின் கோலத்தை நினைத்துக்கொண்டு, “மேசையை ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க” என்று மனதாரப் பாராட்டினேன். அவர் சிரித்தார். நிசார் சிரிக்கவில்லை.

வெறுந்தேத்தண்ணி வந்தது. பால் இல்லாத, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

“நாளைக்கு நாலு மணித்தியாலத்துக்குள்ள எல்லாத்தையும் திருப்பி எழுப்பாட்டி, பிரிவைக் கொழும்புக்கு மாத்திப்போடுவினம் சேர்” என்றார் சுகந்தினி. “கடிதம் தயாரா இருக்காம். உங்கட அறிக்கைக்காகத்தான் நிக்குது.”

“கொழும்பு நல்ல ஊர்தானே?” என்று வாயைக் கொடுத்தேன்.

“நல்ல ஊர்தான். ஆனா சேர், நான் பிறந்ததில இருந்து பதினொரு தரம் இடம்பெயர்ந்தனான். பள்ளிக்கூடத்தில, கோயில் மடத்தில, முகாமில எல்லாம் இருந்தாச்சு. போன வருஷம்தான் சொந்தமா ஒரு வீடு கட்டினனான். பன்னிரண்டாம் தரம் என்னால ஏலாது.”

அவர் அழவில்லை, குரலும் உயரவில்லை. நான் தேநீரைக் கீழே வைத்தேன். ஒரு சோதனையின் முடிவை ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ என்று இரண்டு கட்டமாகவே பார்த்துப் பழகியவன் நான். அன்று மாலை விடுதிக்குத் திரும்பும்போது, கடவுளே இந்தம்மா ஜெயிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சோதனை. விதியை நான்தான் அறிவித்தேன், கொஞ்சம் நாடகத் தோரணையோடு. “இந்த நிமிஷத்திலிருந்து இந்த அலுவலகம் இல்லை. யாரும் எதையும் எடுக்கக் கூடாது. கைப்பை, காகிதம், எதுவும். அப்படியே வெளியே வாங்க.”

சுகந்தினி எழுந்தார். குனிந்து மேசைக்கடியில் இருந்த பையின் காதைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இதையும் விடவேணுமா சேர்?” “எல்லாத்தையும்தான்” என்றேன். விட்டுவிட்டு வந்தார்.

நிசாரின் வேனில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர், அதன் மேல் வெயில், வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியாத நீளம். ஓரமாக யாரோ தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார், எதுவும் பிடிக்கும் உத்தேசமே இல்லாத முகத்தோடு. நான் போட்ட நேர்கோடு இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. படத்தில் அரைச் சாண் இருந்தது.

மீட்பு மையம் என்று நான் பச்சைக் கட்டம் போட்டிருந்தேனே, அது நிசாருடைய மாமாவின் இரும்புக்கடைக்கு மேல்மாடி அறை. பெயின்ட் வாசனை. கீழே ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மாமா, “இரிங்க, இரிங்க” என்று சொல்லி, சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணி என்கிற கூந்தல்பனைப் பாகும் கொண்டுவந்து வைத்துவிட்டார். சோதனை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. கத்தியால் வெட்டலாம் போல இருந்தது அந்தத் தயிர்.

நிசார் கணினிகளை உயிர்ப்பித்தார். துறைமுகத்திலிருந்து தினமும் வந்து சேரும் நகல் பத்திரமாக இருந்தது. என் படம் வேலை செய்கிறது! ஆனால் நகல் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறக்க விரல் நீளத்தில் ஒரு சின்னக் கருவி வேண்டும். அதை அவர்கள் ‘திறப்பு’ என்கிறார்கள், சாவிக்கு அங்கே அதுதான் சொல். கடையின் பின்னறையில் இருக்கும் இரும்புப் பெட்டியில் திறப்பு இருக்கும் என்று திட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. பெட்டி கனம் என்பதால் மாடிக்கு ஏற்றாமல் கீழேயே வைத்திருந்தார்கள்.

நிசார் இறங்கிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். காலி.

“அக்கா! இதுக்குள்ள வச்சதெண்டுதானே சொன்னீங்க?”

“வச்சனான்” என்றார் சுகந்தினி. “போன மாரிக்கு முன்னம் எடுத்திட்டன். கிளிவெட்டியில தங்கச்சி வீட்டில இருக்கு.”

கிளிவெட்டி மூதூருக்கும் அப்பால். போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். “இது திட்டத்தில் இல்லையே? ஏன் யாரிடமும் சொல்லவில்லை? ஏன் எழுதவில்லை?” என்று கத்தியே விட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஒளிச்சு வைக்கிற இடத்தை எழுதி வைக்கிறதா சேர்?”

தங்கைக்குத் தொலைபேசி அடித்தார். எடுக்கவில்லை. வேனில் ஏறினோம். மணி பத்தரை.

“சோதனை இன்றைக்கு என்று தெரியுமே, நேற்றே அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாமே?” என்றேன், கொஞ்ச தூரம் போனதும், குரலைத் தணித்துக்கொண்டு.

“அப்ப அது சோதினை இல்லையே. கடல் முதல்நாள் சொல்லிப்போட்டா வரும்?”

வேலையே போகப் போகிறது, இந்தம்மா நியாயம் பேசுகிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் சாலை முழுவதையும் எருமைகள் அடைத்துக்கொண்டன. நூறு இருக்கும். அவசரம் என்ற ஒன்றைக் கேள்விப்படாத நடை. நிசார் ஹாரனை அடிக்கவே இல்லை. “தயிர் வேணுமெண்டா பொறுக்கத்தான் வேணும் சேர்” என்றார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வெயிலில் கறுப்பு முதுகுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. கண் சொக்கியது. ஒரு நிமிடம் என் படத்தின் கட்டங்கள்தான் எழுந்து நடந்துபோகின்றன என்று கனவு கண்டேன்.

கிளிவெட்டியில் வீடு பூட்டியிருந்தது. தங்கை மாலினி வயலில், நெல் வெட்டும் இயந்திரத்தோடு நின்றார். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கியது. அதை அப்படியே கட்டிலில் கொட்டினார். அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், நாம் பத்திரம் என்று சொல்கிற காணி உறுதி, ஒரு டார்ச், மாத்திரை அட்டை, ஒரு குழந்தைச் சட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில், பொலித்தீனில் சுற்றி நூலால் கட்டிய திறப்பு.

“அக்கா தந்தவ. வச்சிருக்கிறன். என்னெண்டு கேக்கேல்ல” என்றார் மாலினி. “எங்கட வீட்டில ஆரும் கேக்கிறேல்ல.” பிறகு எங்களைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று மறித்தார். நேரமில்லை என்றதும் மூன்று வாழைப்பழத்தை என் கையில் திணித்தார்.

திரும்பும் வழியில் சுகந்தினி அந்தக் கருவியை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினார்.

“மூதூரில இருந்து ஓடேக்க எல்லாம் ஒரே பையிலதான் இருந்தது. அந்தப் பை வழியில தவறிப்போச்சு. எங்கட காணி எங்கடதான் எண்டு காட்ட அப்பாவுக்கு ஒன்பது வருஷம் எடுத்தது. அதுக்குப் பிறகு நாங்கள் ஒண்டையும் ஒரு இடத்தில வைக்கிறேல்ல. பூட்டு ஒரு கரையில எண்டா திறப்பு மற்றக் கரையில.”

“கிண்ணியா மற்றக் கரைதானே?”

“கடல் வந்தண்டு நான் டவுனில நிண்டனான் சேர். வெறுங்கையோட ஓடினனான். கிண்ணியாவில எத்தனை வீடு போனதெண்டு நிசாரைக் கேளுங்கோ. கடல் வந்தா ரெண்டு கரைக்கும் வரும்.”

நிசார் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். “உம்மா” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அவருடைய தாயார் அந்தச் சுனாமியில் போய்விட்டார் என்பது எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழைப்பழத்தைத் தின்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“கிளிவெட்டிக்கு மாவலி ஆற்று வெள்ளம் வராதா?” என்று பிறகு கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“வரும். ஆனா வெள்ளமும் கடலும் ஒரே நாளில வராது.”

நான் இருபது வருடமாகக் கூட்டங்களில் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியைத்தான். இரண்டு இடமும் ஒரே ஆபத்தில் போகக் கூடாது. சொல்லத் தெரிந்த எனக்குச் செய்யத் தெரியவில்லை.

கணினிகள் முழுவதும் எழுந்தபோது மணி இரண்டு நாற்பது. ஒரு பெட்டி விடாமல் எல்லாம் அதனதன் தட்டில் சரியாக இருந்தது. ஆனால் ஒரு மணிக்கு முடிந்திருக்க வேண்டியது. நிசார் என் காதருகில் வந்து, “சேர், எருமைக்குக் கொஞ்சம் நேரம் கழிச்சு எழுதலாந்தானே?” என்றார்.

அதற்கு எனக்கும் ஆசைதான். ஐந்து மணி நாற்பது நிமிடத்தை மூன்று ஐம்பது ஆக்க ஒரு விநாடி போதும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அன்று மாலை டச்சுக் குடாவின் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே யோசித்தேன். தண்ணீர் ரோஜா நிறமாகி, சாம்பலாகி, கடைசியில் நிறமே இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் அலையை மிதித்து விளையாடினார்கள். கடல் இவ்வளவு சாதுவாகக் காலடியில் கிடக்கும்போது யாருக்குத்தான் அதைப் படத்தில் போடத் தோன்றும்? பொய் எழுதினால் சுகந்தினிக்கு இந்த வருடம் வேலை தப்பும். ஆனால் திறப்பு மறுபடி கிண்ணியாப் பெட்டிக்குள் போய்விடும், திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு அவரே சம்மதிக்க மாட்டார்.

நாலாம் நாள் காலை சுவரிலிருந்த என் படத்தைக் கழற்றி மேசையில் விரித்தேன். சுகந்தினியிடம் ஒரு நீலப் பேனாவைக் கொடுத்தேன். “கடல் அன்றைக்கு எங்கே வரைக்கும் வந்தது, வரைங்க.”

அவர் தயங்கினார். “உங்கட படம் பழுதாகிடும்.”

“அது ஏற்கெனவே பழுதுதாங்க.”

வரைந்தார். கோடு போடவில்லை, பேனாவைப் படுக்கவைத்துத் தேய்த்தார். துறைமுக அலுவலகக் கட்டம் நீலத்துக்குள் போனது. நடுவிலிருந்த நேர்கோடு போனது. பிறகு பேனாவை நிசார் வாங்கி, கிண்ணியாக் கட்டத்தையும் நிரப்பினார். மிச்சம் இருந்தது காகிதத்தின் கீழ் ஓரத்தில் நான் எதுவும் வரையாமல் விட்டிருந்த வெள்ளை. அங்கே சுகந்தினி சின்னதாக ஒரு வீடு போட்டார், கிளிவெட்டி வீடு.

கொழும்பு மேலாளரை வீடியோவில் அழைத்துப் படத்தைக் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார், தமிழில் சொன்னால் இப்படி: “அந்த நீலம் என்ன சிஸ்டம்?”

“கடல்” என்றேன்.

அவர் முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். நான் தொடர்ந்தேன்: சோதனை தோற்றது, ஐந்து மணி நாற்பது நிமிடம். தோற்றது இவர்கள் அல்ல, என் படம். அந்த மீட்புத் திட்டமும் சேர்ந்து தோற்றது. திறப்பு சரியான ஊரில், கிளிவெட்டியில், இருந்தது, மீட்பு அறைதான் தவறான ஊரில் இருக்கிறது. சுகந்தினி செய்த ஒரே பிழை, அதை எழுதி வைக்காதது. இனி மூன்று பேருக்காவது அந்த இடம் தெரிய வேண்டும்.

“அறையைக் கிளிவெட்டிக்கு மாற்ற முடியுமா?” என்று கேட்டார் மேலாளர்.

“முடியும் சேர்” என்றார் சுகந்தினி, முதல் தடவையாகக் குரலை உயர்த்தி. “நிசாரும் நானும் ஒரு மாசத்தில செய்வம். மாரிக்கு முன்னம் இன்னொருக்கா சோதிச்சுப் பாருங்கோ.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறேன். இவரை இங்கே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டால் இந்த நீலத்தை எனக்கு யார் காட்டுவது?”

திரை அணைந்தது. நிசார் கத்தினார், என்னைக் கட்டிப்பிடித்தார், கீழே போய் எல்லாருக்கும் தேத்தண்ணி சொல்லப் போகிறேன் என்று ஓடினார். சுகந்தினி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு குனிந்து மேசைக்கடியிலிருந்து அந்தத் துணிக்கடைப் பையை எடுத்து மடியில் வைத்தார்.

உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வந்தன. காது உடைந்த ஒரு கோப்பை. சின்னப் பிள்ளையார் படம். பேனாச் சாடி. கால் நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒரு சோடிச் செருப்பு. புது வீட்டு வாசலில் எடுத்த புகைப்படம். செருப்பைக் கீழே விட்டு, மற்றவற்றை மேசையில் பழைய இடங்களில் வைத்தார். தூசி படியாத வட்டமும் சதுரமும் மேசையில் அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தன. சோதனைக்கு முன்னாலேயே மூட்டை கட்டி வைத்திருந்திருக்கிறார். நான் அதைத்தான் சுத்தம் என்று பாராட்டினேன்.

கடைசியாகப் பைக்குள் கைவிட்டு, பொலித்தீனில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தார். விரல் நீளம். நூல் கட்டு.

“இது?” என்றேன்.

“திறப்பு. இன்னொண்டு. இது என்னோடயே வீட்டுக்குப் போய் வாறது.”

“அப்போ நேற்று... இது இருந்திருந்தால் பதினொரு மணிக்கே முடிந்திருக்குமே!”

“நீங்கள்தானே ஒண்டும் எடுக்கப்படாதெண்டனீங்கள்” என்றார், குற்றம் சொல்லாத குரலில். “உங்கட ஊரில அப்பிடி ஓடுவினமாக்கும் எண்டு நினைச்சன்.”

எங்கள் ஊரில் நான் எதற்காகவும் ஓடியதே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மேசையில் இப்போது இடமே இல்லை. அவர் திறப்பை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டு, எழுந்து போய், கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் பையை மாட்டினார். அதற்குள் நிசார் சொல்லிவிட்ட தேத்தண்ணி வந்துவிட்டது.

“அது அதில தொங்கட்டும் சேர்” என்றார். “நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”